பூஜ்யத்துக்குப் பிறகு எழுந்த கூம்பு

1. கேன் வந்து இறங்கியது

பெங்களூரிலிருந்து ஹீலியம் வரும் நாளில் எங்கள் லேபில் யாரும் நடக்க மாட்டோம், ஓடுவோம். சாம்பிள்களைக் கடுங்குளிருக்குக் கொண்டுபோகத் தேவையான திரவ ஹீலியம் அப்படிப்பட்ட சரக்கு. கேனில் பூட்டி வைத்தாலும் ஆவியாகிக் குறையும், சும்மா பார்த்துக்கொண்டிருந்தாலும் குறையும். தொண்ணூறுகளின் நடுவில் கோயம்புத்தூரில் அதைத் தயாரிக்கும் இடம் எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. வேனில் கேனை நிமிர்த்தி வைத்துக் கட்டி, சேலம் வழியாகக் குலுங்காமல் கொண்டுவர வேண்டும்.

அந்த முறை வேன் பவானி தாண்டி பழுதாகி நின்றுவிட்டது. காலையில் வர வேண்டிய கேன் மறுநாள் காலையில்தான் வந்தது. கூட ஆராய்ச்சி செய்த ஜெரால்டு மெல்லிய குழாய் ஒன்றைக் கேனுக்குள் மெதுவாக இறக்கினான். குழாயின் மேல் முனையில் ரப்பர் சவ்வு இருக்கும். கீழ் முனை திரவத்தைத் தொட்டதும் சவ்வின் துடிப்பு மாறும். அதை வைத்து அளவு சொல்லிவிடலாம்.

"அக்கா, பாதிக்கு மேல காணோமுங்க" என்றான்.

நான் சுசீலா. தாராபுரம் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளராக இருந்து, பிஎச்.டி. செய்ய லீவு வாங்கிக்கொண்டு கோவைக்கு வந்தவள். அந்தக் கோடையோடு லீவு முடிகிறது. அடுத்த வாரம் ஆராய்ச்சிக் கமிட்டி கூடுகிறது. ஹோல்மியம், எர்பியம் என்று இரண்டு சாம்பிள்களின் அளவீட்டையும் காட்டுவதாக எழுதிக் கொடுத்திருந்தேன். காட்டினால் லீவு நீளும். காட்டாவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு முதலாண்டு மாணவிகளுக்குத் தனி ஊசல் நடத்தப் போக வேண்டியதுதான். அடுத்த கேன் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

"எத்தனை சாம்பிளுக்கு வரும் ஜெரால்டு?"

"ரெண்டுக்கு வருமுங்க. மூணாவதுக்கு ஆசைப்படாதீங்க."

ரெண்டு போதும் என்று நினைத்தேன். என்னிடம் இருந்ததும் ரெண்டுதானே.

2. எலெக்ட்ரானும் கல்யாண மண்டபமும்

என்ன ஆராய்ச்சி என்று சொல்லாமல் மேலே போனால் நீங்கள் என்னைத் திட்டுவீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன்.

சில பொருள்கள் மிகவும் குளிர்ந்தால் மின்தடையே இல்லாமல் போய்விடும். அவை மீக்கடத்திகள். அந்தக் குளிரில் எலெக்ட்ரான்கள் ஜோடி ஜோடியாகச் சேர்ந்து தடங்கலில்லாமல் ஓடும். காந்தம் அந்த ஜோடியைப் பிரித்துவிடும். ஆகவே காந்தமும் மீக்கடத்தலும் ஒரே வீட்டில் குடியிருக்காது என்றுதான் நாங்கள் படித்திருந்தோம்.

அந்த நேரத்தில் ஒரு புதிய உலோகக் குடும்பம் வந்தது. நிக்கல், போரான், கார்பன், இவற்றோடு ஓர் அருமண் தனிமம். அந்த ஒரே ஒரு தனிமத்தை மாற்றினால் எலெக்ட்ரான்களின் குணமே மாறிவிடும். இட்ரியம் போட்டால் சமர்த்தான மீக்கடத்தி. இட்டெர்பியம் போட்டால் மீக்கடத்தலே வராது, ஆனால் எலெக்ட்ரான்கள் பல மடங்கு எடை கூடியதுபோல நகரும். கனத்த எலெக்ட்ரான்கள் என்று அவற்றுக்குப் பெயர்.

எலெக்ட்ரானுக்கு எப்படி எடை கூடும் என்று எல்லோரும் கேட்பார்கள். எங்கள் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் வாசலிலிருந்து பந்திக்குப் போய்ப் பாருங்கள். "வாங்க, எப்ப வந்தீங்க, ஊட்டுல எல்லாரும் சௌக்கியங்களா" என்று வழியில் இருக்கிற ஒவ்வொருவரும் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் தலைக்கனம் என்று பேர் வரும். உங்கள் எடை அதேதான். ஆனால் நீங்கள் நகரும் வேகத்தைப் பார்க்கிறவனுக்குப் பெரிய மூட்டையைச் சுமந்து போவதாகத் தோன்றும். இட்டெர்பியம் அணுக்கள் எலெக்ட்ரானை அப்படித்தான் ஒவ்வொன்றாக நிறுத்தி விசாரிக்கின்றன.

எனக்கு வாய்த்தவை ஹோல்மியமும் எர்பியமும். இவற்றின் அணு ஒவ்வொன்றும் குட்டிக் காந்தம். அப்படியிருந்தும் மீக்கடத்தல் வருகிறது. ஒரே வீட்டில் இரண்டும் எப்படிக் குப்பை கொட்டுகின்றன என்பதுதான் என் ஆராய்ச்சி. அதை நினைத்தாலே எனக்குக் கைகால் பரபரக்கும்.

3. வெல்டிங் செட்டில் வெந்த சாம்பிள்

பெரிய ஊர்களில் சாம்பிள் உருக்குவதற்கென்றே உலை இருந்தது. எங்களிடம் ஆர்கான் வெல்டிங் செட் இருந்தது. கோவையில் அதற்குப் பஞ்சமில்லை. தண்ணீர் ஓடும் தாமிரத் தட்டு ஒன்றைக் கணபதியில் ஒரு லேத் பட்டறையில் கடைந்து வாங்கி, அதன்மேல் உலோகத் துண்டுகளை வைத்து வெல்டிங் தீப்பொறியில் உருக்குவோம். போரான் துண்டு சூடு பட்டதும் தெறித்து ஓடும். தெறித்தால் கணக்கு கெட்டுவிடும், மறுபடி முதலிலிருந்து. அப்படிப் பல தடவை கெட்டு, கடைசியில் ஹோல்மியத்தில் ஒன்று, எர்பியத்தில் ஒன்று என்று சட்டைப் பொத்தான் அளவுக்கு இரண்டு பளபளப்பான வில்லைகள் கிடைத்தன. அவற்றைக் குவார்ட்ஸ் குழாயில் அடைத்துப் பல நாள் சூட்டில் வைத்தேன். எனக்கு அவை தங்கம் மாதிரி.

குளிர வைக்கும் முன்னேற்பாட்டுக்குத் திரவ நைட்ரஜன் வேண்டும். அதை நானே சின்னக் கேனில் வாங்கி டவுன் பஸ்ஸில் எடுத்து வருவேன். ஒரு நாள் பொள்ளாச்சி சந்தைக்கு மாடு பார்க்கப் போகிற ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தார். மூடியில் புகை வருவதைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க அம்மணி, சினை ஊசிக்குங்களா? எந்த ஊர்க் காளைங்க?" என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் அந்தக் கேனை எல்லோரும் காளை விந்தை உறைய வைத்திருக்கும் மாட்டாஸ்பத்திரியில்தான் பார்த்திருப்பார்கள். நான் மீக்கடத்தியை விளக்க ஆரம்பித்தேன். பாதி வழியில் அவர் தூங்கிவிட்டார்.

4. கூம்பு

இனி அன்றைய அளவீட்டுக்கு வருகிறேன்.

முறை ரொம்பச் சுலபம். நீளமான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்டிக்கின் அடியில் சாம்பிளைப் பொருத்துவோம். வெள்ளிப் பேஸ்ட் வைத்து மயிரிழை போன்ற நான்கு கம்பிகளை அதில் ஒட்டுவோம். ஸ்டிக்கைக் கேனின் கழுத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவோம். இறங்க இறங்கக் குளிரும். மேலே மேஜையில் ரெக்கார்டரின் பேனா காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டே வரும். குறுக்கே வெப்பநிலை, நெடுக்கே மின்தடை.

எங்கள் லேபில் ஒரு வழக்கம் இருந்தது. பேனா விழுந்து பூஜ்யத்தைத் தொட்டதும் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு ஸ்டிக்கைத் தூக்கிவிட வேண்டும். ஹீலியத்தை வீணாக்கக் கூடாது அல்லவா. பூஜ்யம் வந்தாயிற்று, மீக்கடத்தி என்று தெரிந்தாயிற்று, அதற்கு அப்புறம் பார்க்க என்ன இருக்கிறது? இதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

முதலில் ஹோல்மியம். எட்டு கெல்வின் வாக்கில், அதாவது மைனஸ் இருநூற்று அறுபத்தைந்து டிகிரி செல்சியஸில், பேனா சரசரவென்று விழுந்தது. பூஜ்யம். நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். வெல்டிங் செட்டில் வெந்த என் வில்லை மீக்கடத்தியாகிவிட்டது. ஜெரால்டு கை கொடுத்தான். கொடுத்த கையோடு ஸ்டிக்கைத் தூக்கப் போனான்.

"இருப்பா, இன்னும் எறக்கு" என்றேன்.

"சைபர் வந்துருச்சுங்களே அக்கா. இன்னும் எறக்கி என்ன பண்றது?"

"ஐஞ்சு கெல்வின்கிட்ட ஹோல்மியம் காந்தமெல்லாம் வரிசையில நிக்கோணும். அப்ப எலெக்ட்ரான் சும்மாவா இருக்கும்? பாக்கலாம்."

"எர்பியத்துக்கு ஹீலியம் பத்தாமப் போயிருமுங்க."

"கொஞ்சம்தானப்பா."

முணுமுணுத்துக்கொண்டே இறக்கினான். ஏழு, ஆறு. பேனா பூஜ்யத்தின் மேலேயே படுத்தபடி ஊர்ந்தது. ஜெரால்டு என்னைப் பார்த்து, சொன்னேனே என்கிற மாதிரி புருவத்தைத் தூக்கினான்.

ஐந்தை நெருங்கும்போது பேனா எழுந்தது.

பூஜ்யத்தில் கிடந்த பேனா மெதுவாக மேலே ஏறி, ஒரு சின்னக் கூம்பு போட்டு, மறுபடி இறங்கிப் பூஜ்யத்தில் படுத்துக்கொண்டது. போன மின்தடை திரும்ப வந்து, எட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி போயிருக்கிறது. என் காது இரண்டும் சூடாகிவிட்டது.

"பேஸ்ட் உரிஞ்சுபோச்சுங்க அக்கா" என்றான் ஜெரால்டு. அவன் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

"ஸ்டிக்கைக் கொஞ்சமே கொஞ்சம் தூக்கு. திரும்ப அதே எடத்துல வருதான்னு பாக்கலாம்."

தூக்கினான். பேனா வந்த வழியே திரும்பிப் போய் அதே இடத்தில் கூம்பு போட்டது. நான் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு சென்னியப்பன் சார் அறைக்கு ஓடினேன். என் செருப்பு ஒன்று வராந்தாவிலேயே நின்றுவிட்டது.

5. பேஸ்ட் இல்லாத சாட்சி

சென்னியப்பன் சார் என் வழிகாட்டி. கோபத்தில்கூட "ங்க" விடாத மனிதர். திட்டும்போது மரியாதை இன்னும் கூடிவிடும், அதனால் பயமும் கூடும். காகிதத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"காண்டாக்ட் லூசுங்க அம்மணி" என்றார்.

"ஏறும்போதும் அதே எடத்துல வருதுங்க சார்."

"வருமுங்க. குளுருல பேஸ்ட் சுருங்கி வெடிப்பு உட்டுரும், கொஞ்சம் சூடானா ஒட்டிக்கும். அதே எடத்துல உட்டு அதே எடத்துல ஒட்டும். நான் பம்பாயில இருந்தப்ப இப்படித்தானுங்க ஒரு கூம்பைப் பாத்துப்போட்டு, டிபார்ட்மெண்ட் பூரா கூப்பிட்டுச் சொன்னேன். கடைசில பாத்தா கம்பி ஒண்ணு ஆடிக்கிட்டு இருந்துச்சுங்க. நான் அந்த ஊரை விட்டு வார வரைக்கும் என்னை அதுக்கு வெச்ச பட்டப்பேரு சொல்லித்தான் கூப்பிட்டாங்க."

என்ன பேர் என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.

"கம்பியே ஒட்டாம பாத்தா ஒத்துக்குவீங்களா சார்?"

அவர் காகிதத்தை மேஜையில் வைத்தார். நான் சொல்வது அவருக்கு உடனே புரிந்துவிட்டது. லேபில் இன்னொரு ஸ்டிக் இருந்தது. அதன் அடியில் ஒரு காயில், அதாவது கம்பிச் சுருள். காந்திபுரத்தில் மோட்டார் வைண்டிங் கடையில் சுற்றி வாங்கியது. கம்பியின் மெல்லிசைப் பார்த்துவிட்டு, "இது எந்த மோட்டாருங்க, கொசுவுக்கா?" என்று அந்தக் கடைக்காரர் கேட்டது லேபில் பிரசித்தம். சாம்பிளைச் சும்மா அந்தக் காயிலுக்குள் போட்டால் போதும். மீக்கடத்தி காந்தப்புலத்தை வெளியே தள்ளும், காயிலில் சிக்னல் இறங்கும். மீக்கடத்தல் தளர்ந்தால் சிக்னல் ஏறும். ஒட்டுவதற்குப் பேஸ்டும் இல்லை, உரிவதற்குக் கம்பியும் இல்லை.

"ஹீலியம் எவ்வளவுங்க இருக்குது?" என்று சார் கேட்டார்.

பின்னாலேயே வந்து நின்ற ஜெரால்டு, "இன்னொரு ஸ்டிக்குக்கு மட்டுந்தானுங்க சார்" என்றான்.

இன்னொரு ஸ்டிக் என்றால் அது எர்பியத்துக்கு. கமிட்டிக்கு நான் எழுதிக் கொடுத்தது. காயிலில் ஹோல்மியத்தைப் போட்டு, கூம்பு வராமல் போனால் என் கையில் ஒரே ஒரு சாம்பிள், அதிலும் ஒரு லூஸ் காண்டாக்ட். லீவும் போச்சு, பிஎச்.டி.யும் போச்சு.

"உங்க தீசிஸுங்க அம்மணி" என்றார் சார். "எர்பியம் போட்டா கமிட்டி தாண்டிருவீங்க. நாஞ் சொன்னா எர்பியந்தான் சொல்லுவேன். ஆனா முடிவு உங்களுதுங்க."

என்னைக் கேட்டால் அதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. பயம் இருந்தது, நிறைய இருந்தது. ஆனால் அந்தக் கூம்பைக் கண்ணால் பார்த்துவிட்டு, அது நிஜமா பொய்யா என்று தெரியாமல் தாராபுரம் பஸ்ஸில் ஏறி உட்கார என்னால் முடியாது. வாழ்நாள் முழுக்க அரித்துக்கொண்டே இருக்கும்.

"ஹோல்மியம் போடறனுங்க சார்" என்றேன்.

அவர் எழுந்து எங்களோடு லேபுக்கு வந்தார். வரும் வழியில் என் செருப்பைக் காலால் ஓரமாக நகர்த்தி விட்டதைப் பார்த்தேன்.

ஹோல்மியம் வில்லையிலிருந்து ஒரு துண்டை அறுத்துக் காயிலுக்குள் போட்டேன். ஸ்டிக்கை முதலில் நைட்ரஜனில் குளிர்வித்து, பிறகு கேனுக்குள் இறக்கினோம். ஜெரால்டு ஸ்டிக்கைப் பிடித்திருந்தான். நான் வெப்பநிலையைச் சத்தமாகப் படித்தேன். சார் ரெக்கார்டர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

எட்டில் சிக்னல் விழுந்தது. சரி, மீக்கடத்தி. அதில் யாருக்கும் சண்டை இல்லை. ஏழு. ஆறு. பேனா நேர்கோடாகப் போனது. வெளியேறும் வாயுவைப் பிடிக்கக் கட்டியிருந்த பலூன் புடைத்துக்கொண்டே வந்தது. பலூன் புடைக்கிறது என்றால் ஹீலியம் கரைகிறது.

"மெதுவா எறக்கு ஜெரால்டு."

"மெதுவா எறக்கினா தீந்துருமுங்க. வேகமா எறக்கினா தாண்டிப்போயிருமுங்க. என்ன பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க."

"மெதுவாவே எறக்குங்க தம்பி" என்றார் சார்.

ஐந்தரை. ஐந்து கால். நான் படிப்பதை நிறுத்திவிட்டேன். பேனா லேசாகத் துடித்தது. பிறகு ஏற ஆரம்பித்தது. கம்பி இல்லை, பேஸ்ட் இல்லை, அப்படியும் ஏறியது. ஏறி, ஒரு கூம்பு போட்டு, திரும்ப இறங்கியது. காந்தங்கள் வரிசைக்கு வரும்போது எலெக்ட்ரான் ஜோடிகள் ஒரு கணம் தடுமாறி, பிறகு சமாளித்துக்கொண்டு மறுபடி கைகோத்து ஓடுகின்றன. அதை ஒரு பேனா என் கண் முன்னால் வரைந்துகொண்டிருந்தது.

ஜெரால்டு "அக்கா" என்று மட்டும் சொன்னான். நான் அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டையும் சேர்த்துச் செய்திருப்பேன்.

சென்னியப்பன் சார் குனிந்து காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முதல் காகிதத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது காண்டாக்ட் இல்லீங்க" என்றார். "இது ஹோல்மியமுங்க."

கொஞ்ச நேரத்தில் ஹீலியம் தீர்ந்துபோனது. ஸ்டிக் தானாகவே சூடாக ஆரம்பித்தது. எர்பியம் பெட்டிக்குள்ளேயே இருந்தது.

6. கமிட்டி

அடுத்த வாரம் கமிட்டி. மெட்ராசிலிருந்து வெளி நிபுணராக வந்தவர் கறாரான மனிதர். எலும்பை எண்ணிப் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு வரியாகக் கேட்பார் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். அப்படித்தான் கேட்டார்.

"எர்பியம் எங்கம்மா?"

"அளக்கலீங்க சார்."

"ஏன்?"

"ஹீலியத்தை ஹோல்மியத்துக்கே செலவு பண்ணிப்போட்டனுங்க."

"ரெண்டு தடவையா? ஒரே சாம்பிளுக்கா?"

ஆமாம் என்றேன். இரண்டு வரைபடங்களையும் கண்ணாடிக் காகிதத்தில் வரைந்து கொண்டுபோயிருந்தேன். முதல் தாளை அவர் பார்த்தார்.

"பேஸ்ட் உரிஞ்சிருக்கு" என்றார்.

இரண்டாவது தாளைக் கொடுத்தேன். "இதுல பேஸ்ட் இல்லீங்க சார்."

அவர் இரண்டு தாள்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். இரண்டு கூம்பும் ஒரே இடத்தில் விழுந்தன. பிறகு தன் பையைத் திறந்து ஒரு ஜெராக்ஸ் கட்டுரையை எடுத்து, பக்கத்தைப் புரட்டி, என் பக்கம் தள்ளினார்.

வெளிநாட்டில் செய்த அளவீடு. அதே ஹோல்மியம். அதே ஐந்து கெல்வின். அதே கூம்பு.

எனக்குச் சப்பென்று போய்விட்டது. எனக்கு முன்பே யாரோ பார்த்துவிட்டார்கள். பத்திரிகைகள் எங்கள் நூலகத்துக்கு வந்து சேரப் பல மாதம் ஆகும், நான் அதைப் படித்திருக்க வழியே இல்லை. எர்பியமும் இல்லை, இதுவும் புதிதில்லை. தாராபுரம் பஸ் கண்ணில் தெரிந்தது.

"ஏம்மா முகம் வாடிப்போச்சு?" என்று அவர் கேட்டார்.

"இவங்க மொதல்லயே பாத்துட்டாங்களே சார்."

"அவங்க சாம்பிள் எங்க வெந்தது, உன் சாம்பிள் எங்க வெந்தது? அவங்க உலை வேற, உன் வெல்டிங் செட் வேற. அவங்க கம்பி வேற, உன் காயில் வேற. ரெண்டு சாம்பிளும் ஒண்ணை ஒண்ணு பார்த்ததே இல்லை. ஆனா ரெண்டும் ஒரே பதிலைச் சொல்லுது. இதுக்கு மேல ஒரு மனுஷனுக்கு என்னம்மா வேணும்?"

நான் சென்னியப்பன் சாரைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த கேன் எப்போ வருது?" என்று நிபுணர் அவரிடம் கேட்டார்.

"சொல்ல முடியாதுங்க. வந்தா உண்டுங்க."

"வந்தா ஒரு போன் பண்ணுங்க. நானும் வந்து உட்கார்ந்துக்கறேன். எர்பியம் என்ன சொல்லுதுன்னு பார்த்துடலாம்."

என் லீவை நீட்டிக்கப் பரிந்துரைத்து அந்த மேஜையிலேயே கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த கேன் வந்தபோது நிபுணர் சொன்னபடியே வந்து உட்கார்ந்தார். அந்தக் கதை தனி.

இதைப் படிக்கிற இளையவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது சின்ன விஷயம். எதிர்பார்த்த எண் வந்ததும் எல்லோரும் கருவியை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுகிறார்கள். போகாதீர்கள். இன்னும் கொஞ்சம் குளிர விடுங்கள்.